பினாங்கில் இறங்கியதும்

"பினாங்குல கப்பல் நின்னதும் மொதல்ல தண்ணீர்மலை கோயிலுக்குப் போயிடணும்லா," என்றாள் மயிலம்மாள்.

"மொதல்ல சாப்பாடு," என்றாள் செல்லாயி.

"சோறா?" வீராயி ஆசையாகக் கேட்டாள்.

"பின்னே? மரவள்ளிக்கிழங்கு திங்கவா கப்பல் ஏறுறோம்? சோறு, மீன் கறி, அப்பளம்."

"மீனைத் தின்னுட்டு முருகன்கிட்டப் போறதா? நீங்க தின்னுங்க. நான் தனியா மலை ஏறிக்கிறேன்."

"கப்பல் உன்னை விட்டுட்டுப் போயிடும்டி!"

"சண்டை போடாதீங்க," என்றாள் வீராயி. "பினாங்கு எப்படியோ போகட்டும். நாகப்பட்டினத்துல எறங்கினா நான் சொல்ற எடந்தான். நேரா நாகூர்..."

அவள் மூக்குக்கு நேரே ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது.

தினமும் காலையில் டோக்கியோ இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. குனிந்தவர்கள் பேசுவது வெளியே தெரியாது. அந்த நேரத்தில்தான் இவர்கள் மூவரும் தினமும் கற்பனையில் கப்பலேறி ஊருக்குப் போவார்கள். ஆனால் இன்று மலாயாவின் ரந்தாவ் தோட்டமே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. இவர்கள் மூவர் மட்டும் குனிந்தபடியே இருந்தார்கள்.

அறை விழப்போகிறது என்று செல்லாயி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பூட்ஸ் போட்ட ஜப்பான் அதிகாரி சிரித்தபடி ஏதோ சொன்னார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்:

"ஒங்க பக்தியைப் பார்த்து தொரைக்கு ரொம்ப சந்தோஷமாம். நாளையிலேருந்து மூணு பேரும் முன்வரிசையில, அவர் பக்கத்துலயே நின்னு கும்பிடணுமாம்."

வீராயி மெல்ல நிமிர்ந்தாள்.

"போச்சு! இனி நாகப்பட்டினத்துல எப்படிடி எறங்குறது?"