பன்னீர்ச் செம்பு

பன்னீர்ச் செம்பின் கழுத்து வியர்வையில் வழுக்கியது. அவள் கை மாற்றிப் பிடித்தாள்.

மணி பத்து ஐம்பது.

சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார் என்று அழைப்பிதழில் இருந்தது. அதை அச்சடித்தவருக்கே நம்பிக்கை இருந்திருக்காது.

கல்லூரிக் கலையரங்க வாசலில் பெண் பேராசிரியர்கள் பதினான்கு பேர், மாம்பழ நிறப் பட்டில், வரிசையாக நின்றார்கள்.

ஆண் பேராசிரியர்கள் உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருந்தார்கள். அறிவியல் நாள் அல்லவா.

வரிசையிலும் பணிமூப்பு உண்டு. புதிதாகச் சேர்ந்த ஜெபக்கனிக்குக் கற்கண்டு. பிறகு குங்குமம், சந்தனம். செம்பு பிடித்தவளுக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். பன்னீர் வரைக்கும் வந்துவிட்டாள். அதற்கு மேல் பதவி இல்லை.

தலைக்கு மேலே பதாகை: ‘அறிவியலிலும் பண்பாட்டிலும் பெண்கள் பின்தங்கியது ஏன்?’

பண்பாட்டுப் பங்களிப்பு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது.

அறிவியல் பங்களிப்பு, தாவரவியல் துறையின் பின்னறையில், திறந்த ஜன்னலோரம் ஒரு மண்தொட்டியில் இருந்தது.

மலையடிவாரத்திலிருந்து அவளே தோண்டிக் கொண்டுவந்த செடி. ஆண்டுக்கு ஒரு பூ. பதினொரு மணிவாக்கில் விரியும். பன்னிரண்டுக்குள் மூடிவிடும். அதற்குள் ஒரு பூச்சி வந்து போகும். மலையில் கிழங்கு தோண்டும் பெண்ணொருத்தி சொன்னது இது.

என்ன பூச்சி என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தாள்.

“நின்னு பாக்க எனக்கு எங்கம்மா நேரம்?”

அந்தப் பூச்சியைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. இவள் மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறாள். இன்று காலை மொட்டின் நுனி தளர்ந்திருந்தது.

மணி பதினொன்று.

துறைத் தலைவர் ஞானாதிக்கம் வரிசையைப் பார்வையிட வந்தார்.

“சார், பத்து நிமிசம் போயிட்டு வந்துருதேன். பூ விரியுத நேரம்.”

“பூவு எங்கம்மா போயிரப் போவுது? பெரிய மனுசர் வாற நேரத்துல வரிசை ஓட்டப் பல்லு மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?”

தாவரவியலுக்குத்தான் அவர் தலைவர்.

அவருடைய ஆய்வு நோட்டுகளில் ஒரு நாள்கூட விடுபட்டதில்லை. அவர் யாருக்கும் பன்னீர் தெளித்ததும் இல்லை.

பதினொன்று பத்து. பதினொன்று இருபது. சந்தனம் காய்ந்து வெடித்தது. யாரோ தண்ணீர் விட்டுக் குழைத்தார்கள். கற்கண்டில் எறும்பு.

பதினொன்று நாற்பது.

“சார், இதக் கொஞ்சம் பிடிங்க.”

ஞானாதிக்கத்தின் கை நினைவுப் பரிசு வாங்கிப் பழகியது. செம்பை நீட்டியதும் வாங்கிக்கொண்டது.

அவள் நடந்தாள். பிறகு பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

பின்னால் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. பிறகு யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பூ மூடியிருந்தது.

இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, இறுக்கமாக. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் தூள் சிந்திக் கிடந்தது. பூச்சி வந்து போயிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கோபம் வரவில்லை. கால்தான் வலித்தது.

வெகுநேரம் கழித்து நோட்டை எடுத்தாள். ஆய்வு நோட்டில் கடைசிக் கட்டம், பார்க்கத் தவறியதற்கான காரணம். காலியாக விடக் கூடாது என்பது விதி.

முதல் ஆண்டு: ஆய்வுக் குழு வருகை. கோலம்.

இரண்டாம் ஆண்டு: முதல்வர் பணி நிறைவு. பந்தி.

தேதி போட்டாள். நேரம் போட்டாள். மூன்றாவது முறையாகக் காரணத்துக்கு வந்தாள்.

பன்

இதழ் அசைந்தது.

பேனா நின்றது. காற்றா? ஜன்னல் திரை அசையவில்லை.

மறுபடியும் அசைந்தது. உள்ளிருந்து. காதை அருகே கொண்டுபோனாள். மிக மெலிதாக ஒரு முரலல்.

பூச்சி போகவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

வாசலில் ஜெபக்கனி மூச்சிரைக்க நின்றாள். கையில் இன்னும் கற்கண்டுத் தட்டு.

“மேடம், நினைவுப் பரிசுத் தட்ட நீங்கதான் கொண்டாரணுமாம். சார் கடுங் கோவத்துல இருக்காவ. சட்டையெல்லாம் பன்னீரு. வந்தவரு கண்ணாடியிலயும்…”

அவள் உதட்டில் விரலை வைத்தாள். தொட்டியைக் காட்டினாள்.

“கதவச் சாத்து.”

ஜெபக்கனி தயங்கினாள். பணியில் சேர்ந்து எட்டு மாதம்தான். நிரந்தரமாகவில்லை.

கலையரங்க ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினரின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

“நேரமாகிவிட்டதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நூற்றாண்டுகளில் ஆண்கள் கண்டுபிடித்தது எவ்வளவு, பெண்கள் கண்டுபிடித்தது எவ்வளவு? பெண்களைத் தடுத்தது எது? யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்!”

பதிலுக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெபக்கனி கதவைச் சாத்தினாள். உள்ளே நின்றுகொண்டு.

கற்கண்டுத் தட்டை மேசைமேல் வைத்தாள். ஓசை வராமல்.

மூத்தவள் நோட்டில் பாதியில் நின்ற சொல்லை அடித்தாள்.

இதழ் மயிரிழை விலகியது.

இருவரும் நின்று பார்த்தார்கள்.