மலை நாட்டுக்கு இரண்டு பேர்

"எல்லையில சாயங்காலம் கேட்டை மூடிடுவாங்கம்மா. உள்ளே போற பர்மிட் இன்னும் வரலையா?" என்று டிராவல்ஸ் ஆபீசில் அந்தப் பெரியவர் மறுபடியும் கேட்டார்.

"வந்துடும் சார். கொஞ்சம் உட்காருங்க," என்றாள் டிராவல்ஸ்காரப் பெண்.

"அவர் எங்க உட்காரப் போறார்? மூச்சு மாத்திரை எடுத்தாரான்னு கேளுங்க. உசரத்துல ஆகாது," என்றாள் கூட வந்த அம்மாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"எடுத்தாச்சு. ஸ்வெட்டர் இருக்கான்னு அவங்களைக் கேளுங்க. குளிர் தாங்காது."

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வீட்டில் பலத்த சண்டை போலிருக்கிறது.

"பால்கனியோட நல்ல ரூமாப் போட்டிருக்கேன் சார்."

"ரெண்டு ரூம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"சண்டை எந்த வீட்ல இல்ல? மலைக்காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்மா."

அம்மாள் திரும்பினாள். "நாங்க விவாகரத்து வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

பெண்ணுக்கு முகம் சுண்டிப்போனது. "அப்போ... ஒண்ணா?"

"எங்க பொண்ணு அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கிறா. விடிஞ்சாக் கல்யாணம். வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, இல்லேன்னா யாருமே வரவேண்டாம்னுட்டா."

அப்போது கணினியில் பர்மிட் வந்து விழுந்தது. பெண் சொல்லி முடிப்பதற்குள் அவர் செல்போனைக் காதில் வைத்திருந்தார்.

"கிடைச்சிடுச்சும்மா! கிளம்பிட்டோம்... ஆமா, அம்மாவும் கூடத்தான் இருக்கா."

போனை நேராக அம்மாளிடம் நீட்டினார்.

"இந்தா, நீ பேசு. எனக்குத் தொண்டை அடைக்குது."