உப்பு பார்க்கும் மூக்கு

மாமரத்தடியில் நின்றிருந்த சேக் முகைதீனின் மூக்கருகே கஞ்சிக் கரண்டியை நீட்டினாள் அசீனா.

"உப்பு எப்படிங்க?"

நோன்பு மாதத்தில் தினமும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் காரியம் இது. நோன்பு வைத்துக்கொண்டு நாக்கில் தொட்டுப் பார்க்க அவளுக்கு மனம் ஒப்பாது. அவருக்கோ ஆவியை மோந்தால் போதும். அரை உப்பா, முக்கால் உப்பா என்று சொல்லிவிடுவார்.

கல்யாணமாகி வந்த முதல் நோன்பில், மாமியாருக்குப் பயந்து உப்பு ஜாடியோடு நின்றவளிடம், "ஒரு சிட்டிகை போடு, போதும்" என்று காதோடு சொன்னது அந்த மூக்குதான். அன்றிலிருந்து அவளுக்கு அதில் தனிப் பெருமை. உள்ளூரான ராஜபாளையத்தில் இருக்கும் அவளுடைய சொந்தபந்தம் முழுவதற்கும் அந்த மூக்கைத் தெரியும்.

ஊரெல்லாம் மாஸ்க்கால் வாயை மூடிக்கொண்டு திரிந்த காலத்தில் வந்த காய்ச்சல், அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசம் மட்டும் திரும்பி வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குப் பாத்திரக் கடை. எவர்சில்வர் குடத்தை மோந்து பார்த்து யாரும் வாங்குவதில்லை என்பதால் வியாபாரத்துக்குக் குறையில்லை. அசீனாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் பெருமையைத் தன் கையாலேயே உடைப்பதா?

அதனால் கரண்டி வரும்போதெல்லாம் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "கச்சிதம்" என்பார். நோன்பு திறக்க மஹ்ரிப் பாங்கு சொன்னதும் கஞ்சியைக் குடித்தால் உப்பு கச்சிதமாகவே இருக்கும். ஒரு நாள் தப்பியதில்லை. அல்லாஹ் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வார்.

எப்போதும் ஒரே பதிலைச் சொன்னால் சந்தேகம் வந்துவிடாதா? இன்று அப்படித்தான் தோன்றியது. இரண்டு முறை மோந்தார்.

"செத்த கம்மியா இருக்கு."

அசீனா ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரண்டியோடு அடுப்படிக்குப் போனாள்.

அவர் தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி ஒளு செய்ய மரத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயடியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. வேம்பு செந்தளிர் விட்டுவிட்டது. முருங்கைப் பூ தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. சஞ்சீவி மலைப் பக்கமிருந்து ஒரு குயில், தொண்டை இன்னும் திறக்காமல், விட்டு விட்டுக் கூவியது.

மாசி வந்துவிட்டது என்று கண் சொல்கிறது, காது சொல்கிறது. ஆனாலும் வந்ததாகவே தெரியவில்லை அவருக்கு. மாம்பூக் கொத்து ஒன்றை வளைத்து முகத்தோடு அழுத்தினார். மகரந்தம் மீசையில் ஒட்டியதுதான் மிச்சம். அழுகை வந்தது.

அப்போது அடுப்படி ஓரத்துச் சுவரருகே பேச்சுக் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள். நோன்புக் காலத்தில் அசீனா அவளுக்கு தினமும் சுவருக்கு மேலே ஒரு தம்ளர் கஞ்சி கொடுப்பாள். சுடச்சுடக் குடித்தால்தான் ருசி என்று அவளும் நின்ற இடத்திலேயே குடிப்பாள். அக்கம்பக்கத்துப் பாசம் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு ஏட்டி. இறக்கிரு."

"இன்னிக்குக் கம்மினு சொல்லிட்டாக யக்கா."

"பாய் சொன்னாகளா? அவியளுக்குத்தான் மூக்கு..."

"மெதுவாப் பேசுங்க. ஒரு சிட்டிகை போட்டுருதேன். அவிய சொன்னது பொய்யாப் போகக் கூடாது."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் மூடவில்லை.

காய்ச்சலுக்கு அடுத்த வருடம் நடந்தது இப்போது நினைவுக்கு வந்தது. கடையிலிருந்து பைக்கில் வரும் வழியில் ஒரு தோப்பு பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போதே, "நம்ம மரமும் பூத்துருச்சு போல, தெரு முக்குலயே வாசம் தூக்குது" என்று அளந்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் மரத்தில் ஒரு மொட்டுகூட இல்லை. அசீனா எதுவும் கேட்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டது என்று இருந்திருக்கிறது.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு கஞ்சியைக் குடித்தார். உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகத்தான் இருந்தது. சொட்டு விடாமல் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

தொழுதுவிட்டு இருவரும் தோட்டத்துக் கதவருகே வந்து நின்றார்கள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இந்த வருசம் மாம்பூ வாசம் ஆளைத் தூக்குதுல்ல?" என்றாள் அசீனா, வழக்கம்போல.

"எனக்குத் தெரியல அசீனா. நீ சொல்லு, எப்படி இருக்கு?"

அவள் ஆச்சரியப்படவில்லை. அவர் மீசையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு மரத்தைப் பார்த்துக் கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சை இழுத்தாள்.

"தேன் சரியா இருக்குங்க" என்றாள். "புளிப்புத்தான் செத்த கம்மி."