ஆறும் நாற்பத்தொன்றும்

எங்கள் ஊரில் சாவைத் தேவாலய மணிதான் சொல்லும். ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு. பிறகு வயதை அடிக்கும். சனிக்கிழமை மாலை ஆறு அடித்தது. பிறகு நாற்பத்தொன்று.

“நாப்பத்தொரு வயசுல இங்க பொம்பளையே இல்லையே,” என்றாள் என் மனைவி ஹெஸ்டர். “மணியடிக்கிற ஏமஸ் குடிச்சிருப்பான். போய்க் கேளுங்க.”

ஏமஸ் கோபுரத்தடியில் உட்கார்ந்து, மணிக்கயிற்றை மடியில் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

“காலையிலேயே கயித்த அவுத்துட்டேன்,” என்றான். “ஆறு, நாப்பத்தொண்ணு. நானும் எண்ணினேன்.”

வீடு திரும்பினேன்.

“என்ன சொன்னான்?”

“குடிச்சிருக்கான்.”

“நான் சொல்லல?”

ஹெஸ்டர் சிரித்தபடி, நாளைக்கான தன் பிறந்தநாள் கேக்கில் நாற்பதாவது மெழுகுவத்தியை நட்டாள். பெட்டியில் இன்னும் ஒன்று இருந்தது.