கழுத்தளவு

"கழுத்தை மட்டும் நல்லா சுத்திப் பிடிச்சு அளந்துடும்மா" என்று கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றாள் லைப்ரரி அக்கா.

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. மாதம் தவறாமல் காலர் வைத்த சட்டை ஒன்று. நூலக வேலையும் முடிந்து, புருஷனும் போய், ஒண்டியாக இருக்கிறவளுக்கு யாருக்காக இந்த மினுக்கு?

"போன மாச அளவுலயே தச்சுடறேனேக்கா."

"வேண்டாம், புதுசா எடு." அக்கா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நாலு வார்த்தை பேசினால் அவளுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

தையல்காரி நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நாடாவைச் சுருட்டிவிட்டாள்.

"அதே பதிமூணுதான்க்கா. கொடுத்து வச்ச உடம்பு! போன மாசச் சட்டை இறுக்கலையே?"

"கச்சிதமா இருக்கு." அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிம்மதியாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. கண்ணும் வாயும் வறண்டு போற வியாதி எனக்கு. எச்சில் சுரக்கிற இடத்தை என் உடம்பே தாக்குதாம். இதுல சில பேருக்குக் கழுத்துல நெறி கட்டி, புற்றுநோயா மாறிடுமாம். வலிகூட இருக்காதாம்."

தையல்காரி சுருட்டிய நாடாவை மேசைமேல் வைத்தாள்.

"வீட்ல யாரையாவது அப்பப்போ தடவிப் பார்க்கச் சொல்லுங்கன்னாரு டாக்டர். எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் பார்த்தாரு. என் விரலெல்லாம் மரத்துக் கிடக்கு. வீட்ல யாருமே இல்லைன்னு டாக்டர்கிட்ட சொல்ல ஒரு மாதிரி இருந்துது. அதான் உன் நாடாவை நம்பி வரேன்."

அழுகை வந்தும் அவள் கண்ணில் ஈரமில்லை. சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"என்னைத் தொடறதுக்கு இப்போ உன் கை ஒண்ணுதான் இருக்கு. நீ அதே அளவுன்னு சொல்றியா, அந்த தைரியத்துல ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை."

தையல்காரி மெஷின் சுவிட்சை அணைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"எழுந்திருங்கக்கா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"என்னடி, என்ன ஆச்சு?"

"குண்டாயிட்டீங்கன்னா மனசு நொந்துக்குவீங்களேன்னு, மூணு மாசமா கழுத்தைப் பெருசா தச்சுட்டு, அளவைக் குறைச்சுத்தான் சொல்றேன்க்கா!"