ஏழுக்கு ஆறு

வாடிப்பட்டியில் சித்தப்பா காளையின் வீட்டு வாசலைச் சின்னத்தாய் மிதித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது.

"அட, எங்கண்ணன் ராவ்சாகிப் மகளுக்கு வழி தெரிஞ்சிருச்சே! ஒக்காரு தாயி."

அவள் உட்காரவில்லை. "அப்பாவோட நூற்றாண்டு விழாவுக்கு மலர் ஒண்ணு அச்சுப் போடுறோம் சித்தப்பா. அவரு டைரியைப் படிச்சேன்."

1930-இல் தாலுகா போர்டுத் தலைவர் தேர்தலில் நின்ற அப்பா, ஏழுக்கு ஆறு என்று ஒரே ஓட்டில் தோற்றார். சீட்டில் எதிராளி பெயரை எழுதியது போர்டில் உறுப்பினராக இருந்த தம்பி காளைதான் என்று ஊரே சொன்னது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது நின்றுபோனது.

"தனக்குத் தானே ஓட்டுப் போடுறது அசிங்கம்னு, எதிராளி பேரை அப்பாவே எழுதியிருக்காரு சித்தப்பா."

"தெரியும். நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அண்ணன் சொல்லுவாருன்னு இருந்தேன். கடைசியில அவரு மொகத்தக்கூடப் பார்க்க விடல." கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீயாவது படிச்சவொடனே ஓடி வந்தியே தாயி, அம்புட்டுப் போதும்."

சின்னத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த டைரியை அவள் முதன்முதலில் படித்தது இருபது வருஷத்துக்கு முன்னால். அப்பாவின் உடல் கூடத்தில் கிடக்க, சித்தப்பா தெருவில் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த அன்று.