உபதேசியார் வீட்டு ஆதாம் ஏவாள்

“நல்லாப் பாருங்கோ இதுகளை! இதுதான் இயற்கை. நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கிறது இயற்கையோ?”

உபதேசியார் பஸ்தியாம்பிள்ளை கைத்தடியால் புறாக்கூண்டைக் காட்டினார். உள்ளே இரண்டு வெள்ளைப் புறாக்கள் ஒன்றின் கழுத்தை மற்றது கோதிக்கொண்டு நின்றன.

கூண்டின் முன்னால் மனுவேல் தகரப் பெட்டியோடு நின்றான். மத்தியாஸின் தோளில் தையல் மெஷின். உபதேசியாரின் உத்தரவுப்படி, மாதா கோயிலுக்குச் சொந்தமான அறையைக் காலி செய்து, அதன் சாவியை அவரிடம் கொடுக்கத்தான் வந்திருந்தார்கள். சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டவருக்கு அவர்களைப் பேசாமல் அனுப்பிவிட மனமில்லை. பிரசங்கமும் வைத்தே அனுப்ப வேண்டுமாம்.

கண்டியில் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த வருஷம் அது. வாக்கோடு சேர்த்து, பக்கத்து அறையில் எத்தனை பாய் விரிக்கிறார்கள் என்பதைப் பற்றிய அபிப்பிராயமும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

உண்மையில் அந்த இருவரும் பல வருஷமாக அந்த அறையில்தான் இருந்தார்கள். ஊருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. திருநாளுக்குக் கொடி தைக்க மத்தியாஸ் வேண்டும். பூசையில் பாட மனுவேல் வேண்டும். பிறகு உபதேசியார் தன் தங்கை மகள் கிறேஸுக்கு மனுவேலை மாப்பிள்ளை கேட்டுப் போனார். “எனக்குக் கல்யாணம் வேணாங்க, நாங்க இப்படியே சந்தோஷமா இருக்கோம்” என்ற பதிலோடு திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு இயற்கையின் மேல் அக்கறை பிறந்தது.

புறாச் சோடிக்கு ஊரில் பெரிய மதிப்பு. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் நேரே உபதேசியார் வீடு இருக்கும் இந்தக் கோயில் வளவுக்கு வந்து, ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கையால் பயறு கொடுக்க வேண்டும். உபதேசியாரே ஏற்படுத்திய வழக்கம். “இதுகளைப் போல இருங்கோ” என்று வாழ்த்தி அனுப்புவார். அப்படி வாழ்த்தப்பட்டவர்களில் பாதிப் பேர் இன்று குழந்தையும் கையுமாக வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“நாங்க யாருக்குங்க கெடுதல் செஞ்சோம்?” என்றான் மனுவேல். “பன்வில தோட்டத்துல இருந்து வந்தவன் நான். இந்த அறைய விட்டா எனக்குப் போக்கிடம் கிடையாது. இவன விட்டா மனுஷரும் கிடையாது.”

“பொலிசுக்குச் சொல்லாமல் விடுறதே என்ர இரக்கம்!” என்றார் உபதேசியார். “போன மாரியில ஆதாமுக்குச் சளி பிடிச்சது. ஏவாள் ஒரு பயறு தொடேல்லை. பக்கத்திலயே கிடந்தது. அதுக்குப் பேர்தான் அன்பு!”

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மத்தியாஸும் அப்படித்தாங்க கெடந்தான்.”

“அது வேற, இது வேற!”



வேலியோரம் நின்ற பாப்பம்மாவுக்கு வேறு கவலை. “அப்ப திருநாக் கொடிய யாருங்க தைக்கிறது?”

“கொடியை இவனே தைச்சு அனுப்பட்டும். அதில பாவம் இல்லை.”

மத்தியாஸ் மனுவேலின் தோளைத் தொட்டு, ‘வா, போகலாம்’ என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தான்.

அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு பளீல் வந்தார். அக்குறணையில் கடை வைத்திருப்பவர். இந்தச் சோடியை விற்றவரும் அவர்தான். இத்தனை காலமாகியும் ஏவாள் முட்டையிடவில்லை, ஒருக்கா வந்து பாரும் என்று உபதேசியார் ஆள் அனுப்பியிருந்தார்.

பளீல் கூண்டுக்குள் கையை விட்டு ஏவாளைத் தூக்கினார், புரட்டிப் பார்த்தார். பிறகு ஆதாமையும் பார்த்தார். இரண்டையும் பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

“முட்ட வேணுமெண்டா இதுகள பிரிக்கணும் உபதேசியார். ஒண்ட நான் கொண்டு போறன். மத்ததுக்கு வேற சோடி தாறன்.”

“என்ன கதை கதைக்கிறீர்?” உபதேசியார் துள்ளிக் குதித்தார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது லேசில் விடுவாரா? கைத்தடியை உயர்த்தி, பெரிய வெள்ளிக்கிழமைக் குரலில் முழங்கினார். “ஒண்டை விட்டு ஒண்டு இருக்காத சீவன்கள்! இதுகளைச் சேர்த்து வைச்சது ஆண்டவர். பிரிக்கிறவன் மகா பாவி! முட்டை இல்லாட்டில் போகட்டும். அன்புதான் முக்கியம். சாகுமட்டும் இதுகள் கோயில் வளவில ஒண்டாத்தான் இருக்கும். எல்லாரும் அறியச் சொல்லுறன்!”

“ஆமென்” என்று வேலிப் பக்கமிருந்து ஒரு குரலும் வந்தது. உபதேசியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பளீல் தாடியைச் சொறிந்தார்.

“அப்ப ஒங்கட இஷ்டம். அண்டைக்கு நான் காட்டின சோடியெல்லாம் கொத்திக்குது, வேணாமெண்டு செல்லிட்டீங்க. சண்ட போடாம ஒத்துமையா ஈக்கிறத நீங்களே கைய விட்டு எடுத்தீங்க. என்னய ஒரு வார்த்த செல்ல விட்டீங்களா? அது ரெண்டும் ஆம்பிளப் புறா.”

மத்தியாஸ் தையல் மெஷினைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சாவிக்காக உபதேசியாரிடம் கையை நீட்டினான்.